மணியார்டர் கூப்பன்

ஆடி மாதத்தில் சுந்தரபாண்டியபுரம் போயிருக்கிறீர்களா? கண்ணுக்கெட்டிய வரை சூரியகாந்தி. குற்றாலத்து மலையிலிருந்து சாரல் காற்றோடு வந்து முகத்தில் தெறிக்கும். 1992-இல் வந்த 'ரோஜா' படம் எடுத்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் தேடி வருகிறார்கள். என்னோடு தென்காசியில் ரயிலை விட்டு இறங்கிய சிநேகிதியோ பூக்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. முப்பது வருஷத்துக்குப் பிறகு தகப்பனாரைப் பார்க்க வந்திருந்தாள் அவள்.

அவளுக்கு ஐந்து வயதாகும்போது அவர் வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். "சல்லிக்காசு கொடுத்ததில்லை" என்று சொல்லிச் சொல்லியே தாயார் அவளை வளர்த்தாள். போன வருஷம் தாயார் காலமானாள். டிரங்குப் பெட்டியைத் திறந்தால், புடவைகளுக்கு அடியில் ஒரு கட்டு மணியார்டர் கூப்பன்! பன்னிரண்டு வருஷம், மாதம் தவறாமல். எல்லாவற்றிலும் ஒரே வரி: 'பாப்பா படிப்புக்கு.'

இனி யாரைக் கோபிப்பது? விட்டுப் போனவரையா, மறைத்தவளையா? மறைத்தவள்தான் போய்விட்டாளே! அந்தக் கோபமும் சேர்ந்து கிழவர் தலையில்தான் விடிந்தது. "பணம் அனுப்பத் தெரிந்தவருக்கு ஒரு தடவை வந்து பார்க்கத் தெரியவில்லையே!" என்று வழியெல்லாம் பொருமினாள்.

சட்டத்தைக் கேட்டால் அது சுலபமாகப் பதில் சொல்லிவிடும். மறுமணம் செய்துகொண்ட தகப்பனார் ஒருவர், டாக்டரான தம் மகளிடம் ஜீவனாம்சம் கேட்ட வழக்கில், 1987-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது: வசதியுள்ள மகள், கல்யாணமானவளாயினும், கதியற்ற பெற்றோரைக் காப்பாற்றத்தான் வேண்டும். 2007-இல் இதற்கென்றே தனிச் சட்டமும் வந்தது. சோறு போடு என்று சட்டம் சொல்லலாம். மன்னித்துவிடு என்று சொல்ல அதனால் ஆகுமா?

கிழவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டு அம்மாள் காபியை வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாள். சிநேகிதி அதைத் தொடவில்லை. கூப்பன் கட்டை அவர் கையில் வைத்தாள். அவர் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார், கண்ணில் புரை.

"என்ன எழுதியிருக்கு, தாயி?"

அவளே படிக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது கூப்பனிலேயே குரல் கம்மிவிட்டது.

"உங்க அம்மை இதையெல்லாம் வச்சிருந்தாளா?" என்றார் கிழவர். அதற்கு மேல் அவருக்கும் பேச்சு வரவில்லை.

திரும்பும்போது, "மன்னித்துவிட்டாயா?" என்று கேட்டேன்.

"இல்லை. அடுத்த மாசம் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டணும்" என்றாள்.

கர்ணனை நினைத்துக்கொண்டேன். பெற்றவள் யாரென்று தெரிந்த பிறகும் அவன் குந்தியோடு போய்விடவில்லை. ஆனால் அவளை வெறுங்கையோடும் அனுப்பவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பெட்டி திறந்திருந்தால், "பெற்றவராச்சே, மறந்துவிடு" என்று ஊரார் சொல்வதற்காக அவசரப்படாதீர்கள். மனசு வருகிறபோது வரட்டும். அதுவரை, கையால் ஆன ஒரு காரியத்தைச் செய்யுங்கள். அந்தக் காபியை இன்னொரு நாள் குடித்துக்கொள்ளலாம்.