இளைத்த உடலும் தலைவிதியும்

பத்தியமிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோ இளைத்தவர்கள், இரண்டொரு வருஷத்தில் பழையபடியே பருத்துவிடுவது நம் நாட்டில் சர்வசாதாரணமாக நடந்துவரும் காரியமாகும். காரணம் என்னவென்று கேட்டால், "எல்லாம் தலைவிதி" என்பார்கள் ஒரு சாரார். "நாக்கை அடக்கத் தெரியாதவர்கள்" என்று ஏசுவார்கள் மற்றொரு சாரார். இவ்விரண்டும் புத்திக்கு வேலை கொடுக்க மனமில்லாதவர்கள் சொல்லும் பதில்களே என்பது நமது அபிப்பிராயம்.

2019-21ல் சர்க்கார் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்களாவார்கள். ஆகவே, இதை யாரோ நாலு பணக்காரர்களின் கவலையென்று தள்ளிவிட முடியாது.

நமது உடலிலுள்ள கொழுப்பானது லெப்டின் என்னும் ஒரு சுரப்பை இரத்தத்தில் விட்டு, "கையிருப்பு இவ்வளவு இருக்கிறது" என்று மூளைக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. இதை 1994ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் கண்டு வெளியிட்டார்கள். கொழுப்புக் குறைந்தால் இச்சுரப்பும் குறைகிறது. உடனே மூளையானது பஞ்சம் வந்துவிட்டதாகக் கருதி, பசியைக் கூட்டி, உடலின் செலவைச் சுருக்குகிறது. அந்நாட்டில் 2009ல் ஒரு டெலிவிஷன் போட்டிக்காக ஏராளமாய் இளைத்தவர்களில் 14 பேரை ஆறு வருஷங்கழித்துப் பரிசோதித்தார்கள். பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது. அப்படித் திரும்பியும், அவர்கள் உடல் சும்மா இருக்கும்போது செலவிடும் சக்தி, இருக்கவேண்டிய அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. இதில் தலைவிதிக்கு இடமெங்கே? நாக்கைத் திட்டித்தான் என்ன பிரயோஜனம்?

சிலர் இப்போது வந்திருக்கும் செமாகுளுடைட் ஊசியை நம்புகிறார்கள். டாக்டர் சொன்னால் போட்டுக்கொள்வதில் தவறில்லை. ஆனால், அதை நிறுத்திய ஒரு வருஷத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக 2022ல் வெளியான ஆராய்ச்சி சொல்லுகிறது.

நிற்க, நம்மவர்கள் பத்தியத்தையும் ஒரு விரதமாக்கிவிட்டார்கள். மாலை போட்டுக்கொண்டு ஒரு மண்டலம் குடியையும் கறியையும் தொடாமலிருந்து, மாலையைக் கழற்றிய அன்றே இரண்டையும் தேடி ஓடுகிற பக்தர்களைப்போல், எடை குறைந்த மறுநாளே பத்தியத்தை முடித்துவிடுகிறார்கள். உடலுக்கு மண்டலக் கணக்குத் தெரியுமா என்று கேட்கின்றோம்.

சுமார் 14 கிலோ குறைத்து, அதை ஒரு வருஷமாவது காப்பாற்றியவர்களைப் பற்றி 1994 முதல் அமெரிக்காவில் ஒரு பதிவேடு வைத்து வருகிறார்கள். அதிலுள்ள பெரும்பாலோர் தினம் சராசரியாகச் சுமார் ஒரு மணி நேரம் நடப்பது முதலிய தேகப்பயிற்சி செய்கிறார்கள். வாரம் ஒருமுறையாவது தங்களை நிறுத்துப் பார்க்கிறார்கள். காலை ஆகாரத்தை விடுவதில்லை. இவற்றில் மந்திரமோ மாயமோ ஒன்றுமில்லை. இளைத்த பிறகும் விடாமல் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

இதற்கும் நமது பெண்களுக்கு வழி எங்கே இருக்கிறது? அதிகாலையில் நடக்கப் புறப்பட்டால் தெருவே கேலி செய்கிறது. வீட்டிலோ, எல்லோரும் உண்டபின் மீந்த சோற்றைக் கொட்ட மனமில்லாமல் தின்று தீர்க்கும் வேலையும் அவள் தலையில்தான். இப்படியெல்லாம் வைத்துவிட்டு அவள் பருமனைப் பரிகசிக்க ஆண்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? காலையில் அடுப்பை ஒரு மணி நேரம் புருஷன் பார்த்துக்கொண்டால் குடியா முழுகிவிடும்?

ஆதலால் தோழர்களே! எடை திரும்பியவர்களை இழித்துப் பேசுவதை இன்றோடு விட்டொழியுங்கள். இளைத்தவர்கள் பத்தியம் முடிந்ததென்று எண்ணாமல், வாரந்தோறும் நிறுத்துப் பார்த்து, இரண்டு கிலோ ஏறும்போதே காரணம் தேடுங்கள். பத்துக் கிலோ ஏறியபின் ஜோசியனிடம் ஓடுவதைவிட இது எவ்வளவோ மேலாகும்.