பங்கும் பங்காளியும்

பிரிவினை இலக்கியம் பற்றி ஒரு சிறு கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் எழுதுகிறவர்கள். நண்பர் ஒருவர், நல்ல மனிதர், நிறையப் படித்தவர், கண் கலங்கப் பேசினார். அவர் பேச்சின் சாரம் ஒரு வாக்கியம்: "நம் பாரம்பரியத்தில் முஸ்லிம்களுக்கும் பங்கு உண்டு." எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். பஸ்ஸில் திரும்பும்போது அந்த வாக்கியம் உறுத்த ஆரம்பித்தது. இன்னும் உறுத்துகிறது.

"நம்" என்பது யார்? முஸ்லிம் அதில் இல்லை. இருந்திருந்தால் அவருக்கு ஒரு "உம்" போட்டுப் பங்கு கொடுக்க வேண்டிய அவசியமே வந்திராது. இது என்ன உம்மை என்று நன்னூல் படித்தவர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தவரை, பந்தி முடிகிற நேரத்தில் "வாசலில் நிற்கிறவனுக்கும் ஒரு இலை போடு" என்கிறோமே, அந்த உம்மை.

"பங்கு" அதைவிட மோசம். குடும்பச் சொத்தைக் கூறு போடுவதற்கும் 1947இல் நடந்ததற்கும் தமிழில் ஒரே சொல்தான்: பிரிவினை. பங்காளி என்றால் ரத்த உறவு. வரப்புத் தகராறு வந்தால் எதிர்க்கட்சிக்காரனும் அவன்தான். நண்பர் உறவைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு பத்திரத்தைப் படித்துவிட்டார்.

கூறு போட்டபோது என்ன நடந்தது என்று பார்க்கலாம். கஜானா ரொக்கத்தில் பாகிஸ்தானுக்கு நூற்றுக்குப் பதினேழரை. சரி, பணம் எண்ணக்கூடியது. லாகூர் மியூசியத்தின் சேகரிப்பை அறுபதுக்கு நாற்பது என்று பிரித்தார்கள். இந்தியாவுக்கு வந்த நாற்பது இன்று சண்டிகர் மியூசியத்தில் இருக்கிறது, காந்தாரச் சிற்பங்கள் உட்பட. மொகஞ்சதாரோவில் கிடைத்த கழுத்து மாலையிடம் வந்தபோது கணக்கு உதைத்தது. ஒரே மாலை, இரண்டு பங்காளிகள். மணிகளைப் பிரித்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். நாலாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன் அதைக் கோத்தவன் ஹிந்துவும் இல்லை, முஸ்லிமும் இல்லை. அவன் என்ன மொழி பேசினான் என்பதே இன்றுவரை சண்டை. இதைச் செய்தவர்கள் முரடர்கள் இல்லை. படித்த அதிகாரிகள், நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தவர்கள். பங்கு என்ற சொல்லை ஏற்றுக்கொண்ட பிறகு, மாலையைப் பாதியாக்குவதுதான் நியாயம்.

அதன் பிறகு இரண்டு பங்காளிகளும் பத்திரம் தேடக் கிளம்பினார்கள். 1950இல் மார்ட்டிமர் வீலர் ஒரு புத்தகம் வெளியிட்டார்: 'பாகிஸ்தானின் ஐயாயிரம் ஆண்டுகள்'. அந்தத் தேசத்துக்கு அப்போது வயது மூன்று. இந்தப் பக்கம், சிந்துவெளியின் பெரிய ஊர்கள் இரண்டும் எல்லைக்கு அப்பால் போய்விட்ட குறை உறுத்த, நமக்கென்று சில ஊர்கள் வேண்டியிருந்தன. 1955இல் லோதலைத் தோண்ட ஆரம்பித்தோம். லோதல் அகழ்வு வீண் என்று நான் சொல்லவில்லை, அங்கே கிடைத்தவை மதிப்புள்ளவை. தோண்டுகிறவன் கையில் மண்வெட்டியோடு ஒரு வக்கீல் நோட்டீசும் இருந்தது என்கிறேன், அவ்வளவுதான்.

இந்தப் பத்திர மொழியில் எழுதாத சிலர் இருந்தார்கள். இந்திஸார் ஹுஸைன் உத்தரப் பிரதேசத்தின் திபாயில் பிறந்து 1947இல் லாகூர் போனவர்; 2016இல் அங்கேயே இறந்தார். அந்த லாகூரில் உட்கார்ந்துகொண்டு, உருதுவில், ஜாதகக் கதைகளின் நடையில் கதை எழுதினார். பங்கு கேட்டு எழுதவில்லை. சின்ன வயதில் கேட்ட கதை, சொல்ல வருகிறபோது வந்தது. குர்ரதுலைன் ஹைதரின் 'ஆக் கா தரியா' 1959இல் லாகூரில் வந்தது. (தமிழில் 'அக்னி நதி'; எத்தனை பேர் படித்தோம்?) கௌதம், சம்பா, கமால் என்று அதே பெயர்கள் மௌரியர் காலத்திலிருந்து பிரிவினை வரை நதியில் மிதந்து வருவது போல வருகின்றன. யார் முதலில் வந்தவர், யார் பிறகு வந்து சேர்ந்தவர் என்ற கேள்வியே அந்த நாவலுக்குள் நிற்க முடியாது.

ராஹி மாசூம் ரஸா விஷயம்தான் என்னைக் கோபப்படுத்துகிறது. 1966இல் 'ஆதா காவ்ன்' எழுதினார். காஜிப்பூர் பக்கத்தில் கங்கௌலி, அவருடைய சொந்த ஊர். மொகரம் ஊர்வலமும் பாட்டும் வசவுமாக அந்த ஊர்ப் பேச்சிலேயே எழுதப்பட்ட ஹிந்தி நாவல். பிரிவினை ஒரு கிராமத்தின் குடலுக்குள் எப்படிப் போயிற்று என்பதை இதைவிட நன்றாகச் சொன்ன புத்தகம் நான் படித்ததில் இல்லை. நம் கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நண்பர் பேசியது 1988இல் தொடங்கிய மகாபாரதம் டிவி தொடருக்கு ரஸா வசனம் எழுதியதைப் பற்றி. "முஸ்லிமாக இருந்தும்" எழுதினாராம். மறுபடி ஒரு உம்! ஃபிராக் கோரக்பூரி, ரகுபதி ஸஹாய், உருதுக் கவிதைக்காக 1969ஆம் வருஷ ஞானபீடம் பெற்றார். "ஹிந்துவாக இருந்தும்" என்று அவருக்காக நாம் கண் கலங்குகிறோமா?

தமிழில் நாம் சுத்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் இலக்கிய வரலாறுகளைப் புரட்டினால் "இஸ்லாமியர் தமிழ்த் தொண்டு" என்று கடைசிப் பக்கங்களில் ஓர் அத்தியாயம் இருக்கும். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடப் போய் மழையையும் வயலையும் நெல்லையும் பாடினார். தமிழில் நாட்டுப் படலம் என்றால் அப்படித்தான் வரும், கம்பனுக்கும் அப்படித்தான் வந்தது. கம்பன் செய்தது காவியம், உமறு செய்தது தொண்டா? சொந்த வீட்டில் குடியிருப்பதை யாரும் தொண்டு என்று சொல்வதில்லை.

அந்தப் பக்கமும் இதே நோய்தான். 1967இல் பாகிஸ்தான் அரசு தாகூரின் பாட்டை ரேடியோவிலிருந்து விலக்கப் பார்த்தது. டாக்காவின் முஸ்லிம் எழுத்தாளர்கள் எதிர்த்தார்கள். 1971இல் பிரிந்த பங்களாதேஷ் தாகூரின் பாட்டையே தேசிய கீதமாக எடுத்துக்கொண்டது. இங்கே 2023இல் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலிலிருந்து மொகலாய அரசவை அத்தியாயத்தை எடுத்தார்கள். இரண்டு பக்கமும் சமமாகத் திட்டிவிட்டேன் என்று யாரும் சமாதானமாக வேண்டாம். நான் இருப்பது இந்தப் பக்கம், என் சண்டையும் இந்தப் பக்கத்தோடுதான்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது வருத்தப்பட்டார். "வெளியே வெறியர்கள் நிற்கிறார்கள், நீங்கள் என்மேல் பாய்கிறீர்கள்" என்றார். அந்த வெறியன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். "உங்கள் பங்கைத்தான் 1947இல் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்களே, இன்னும் என்ன?" என்கிறான். போகாமல் இங்கேயே இருந்தவனைப் பார்த்து, அவன் பேரனைப் பார்த்துச் சொல்கிறான். நண்பரின் வாக்கியத்துக்கும் இதற்கும் இடையில் ஒரு படிதான். பங்கு உண்டு என்று ஒருவர் சொன்னால், கொடுத்தாயிற்று என்று இன்னொருவன் சொல்ல முடியும். கணக்கில் இருவரும் ஒரே பேரேட்டைத்தான் பார்க்கிறார்கள்.

அன்று பேசியவை ஒரு தொகுப்பாக வரப் போகின்றனவாம். நண்பர் தன் கட்டுரையைப் பார்த்துத் தரும்படி எனக்கு அனுப்பினார். அந்த வாக்கியம் மூன்றாம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் கங்கௌலியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள் என்று குறித்து அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.