பெயிண்டுக்குள்ளே என்ன மரம்?



நம்ம ஊரில் கிறிஸ்துமஸ் பாட்டு என்றாலும், கல்யாண வீட்டுக் கச்சேரி என்றாலும் மேடையில் ஒரு பேஸ் கிட்டார் இருக்கும். நீளமான கழுத்து, தடிமனான நாலு கம்பி. நெஞ்சுக்குள்ளே 'தும் தும்' என்று கேட்கிற ஒலி அதிலிருந்துதான் வருகிறது. இளையராஜா பாட்டுகளில் பாடுகிறவர் குரலுக்கு அடியில் தனியாக இன்னொரு பாட்டு ஓடுமே, அதுவும் இதுதான். மும்பையைச் சேர்ந்த மோகினி டே என்ற அக்கா ஏ.ஆர்.ரகுமான் மேடைகளில் இதை வாசித்திருக்கிறார். அதனால் இது பையன்களின் வாத்தியம் என்று யாரும் சொல்ல வேண்டாம்!

நான் எழுத வந்தது இசையைப் பற்றி அல்ல, மரத்தைப் பற்றி. சிவப்பு, நீலம், கறுப்பு என்று பளபளக்கிற அந்தப் பெயிண்டுக்குள்ளே என்ன மரம் இருக்கிறது? அதை வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? கண்டிப்பாகச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் அது எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951-ல் பிரிசிஷன் பேஸ் என்ற வாத்தியத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் பார்க்கிற பேஸ் கிட்டார்களில் நிறைய அதன் வழியில் வந்தவை. அதன் உடம்பு உள்ளே காலியான பெட்டி இல்லை, கட்டிப் பலகை. சுமார் 33 சென்டிமீட்டர் அகலம், நாலரை சென்டிமீட்டர் தடிமன். அவ்வளவு அகலத்துக்குப் பழுதில்லாத ஒரே பலகை கிடைப்பது கஷ்டம், விலையும் கூடுதல். அதனால் இரண்டு மூன்று துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி ஒரு பலகை ஆக்குவார்கள். பெரிய கம்பெனிகளும் இப்படித்தான் செய்கின்றன.

மரத்தின் ரேகை தெரிகிற மாதிரி வார்னிஷ் அடித்தால் ஒட்டின இடம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதற்கு ரேகை பொருந்துகிற நல்ல துண்டுகளாகத் தேட வேண்டும். கெட்டியான பெயிண்ட் அடித்தால் அந்தக் கவலையே இல்லை. 1960 வாக்கில் ஃபெண்டர் கம்பெனி கார்களுக்கு அடிக்கிற பெயிண்டையே கிட்டாருக்கும் அடித்தது. காருக்குள் இருக்கிற தகரம் எப்படித் தெரியாதோ, அப்படியே கிட்டாருக்குள் இருக்கிற மரமும் தெரியாது. ஒட்டு, முடிச்சு, பட்டி பார்த்த இடம் எல்லாம் மறைந்துவிடும். விலை குறைந்த கிட்டார்கள் சிலவற்றில் உள்ளே மரப்பலகையே இருக்காது, பிளைவுட்தான் இருக்கும்.

எங்க பெரியம்மா மகன், அண்ணன், ரப்பர் பால் வெட்டுகிற வேலைக்குப் போகிறான். இரண்டு வருஷம் பணம் சேர்த்து ஒரு சிவப்பு பேஸ் கிட்டார் வாங்கினான். 'ஒத்த மரத்துல செஞ்சது, அதான் இந்த விலை' என்று கடையில் சொன்னார்களாம். ஒரு மழைக்காலத்தில், தோளில் போடுகிற வாரை மாட்டும் குமிழ் கழன்று வந்துவிட்டது. தச்சு வேலை செய்கிற எங்க அப்பாவிடம் கொண்டுவந்தான். அப்பா பின்பக்கத்து மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே பப்ஸ் மாதிரி அடுக்கடுக்காகக் கோடு! பிளைவுட். அண்ணன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்பா அந்த ஓட்டையில் தேக்குக் குச்சியைப் பசை போட்டு அடித்து, அதிலே ஸ்க்ரூவை முறுக்கிக் கொடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "மக்களே, ஒட்டு தப்பில்ல. ஒட்டுன்னு சொல்லாம விக்கதுதான் தப்பு" என்றார்.

நான் சொல்ல வருவதும் இதுதான். ஒட்டு கேவலம் இல்லை என்பதற்குச் சாட்சி நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது. தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருப்பீர்கள். அங்கே தாய்க்கொட்டாரத்தில் ஒரே பிலாமரத்தில் பூவும் கொடியுமாகச் செதுக்கிய தூண் ஒன்று நிற்கிறது. அதே அரண்மனையில் 64 மூலிகை மரத்துண்டுகளைச் சேர்த்துச் செய்தது என்று சொல்லிக் காட்டுகிற ராஜா கட்டிலும் இருக்கிறது. ஒன்று ஒற்றை மரம், மற்றது முழுக்க ஒட்டு. இரண்டையும் நாம் வாய் பிளந்துதான் பார்க்கிறோம். கட்டிலைப் பார்த்து 'சீ, ஒட்டு!' என்று யாராவது சொன்னோமா? இல்லையே! இன்னது இதுதான் என்று சொல்லியே காட்டுகிறார்கள், அதனால் அந்த ஒட்டுக்கே பெருமை.

தஞ்சாவூர் வீணையையும் பாருங்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வீணை அது. பிலாமரத்தில்தான் செய்கிறார்கள். குடம், தண்டி எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. பெயரிலேயே உண்மை இருக்கிறது! வாங்குகிறவர் தன் கையில் இருக்கிற பணத்துக்குத் தக்கபடி தெரிந்தே வாங்கலாம். பேஸ் கிட்டாருக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு வழக்கம் இருக்கக்கூடாது?

சிலர் கேட்கலாம்: "சத்தம் நல்லா இருந்தா போதாதா? உள்ளே என்ன மரமா இருந்தா நமக்கென்ன?" இது நியாயமான கேள்விதான். வீணையில் மரக்குடம் அதிர்ந்துதான் ஒலி பெருகுகிறது. பேஸ் கிட்டார் அப்படி இல்லை. இரும்புக் கம்பி அதிர்வதை அடியில் இருக்கிற காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் மின்சாரமாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. நம் அறிவியல் பாடத்தில் வரும் மின்காந்தத் தூண்டல்தான் இது. அதனால் ஒலியில் மரத்துக்கு எவ்வளவு பங்கு என்று வாசிக்கிறவர்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது.

அமெரிக்காவில் டேன்எலக்ட்ரோ என்று ஒரு கம்பெனி இருந்தது. 1950-களில் அவர்கள் மரச்சட்டத்தின் மேலும் கீழும் ஹார்டுபோர்டு அட்டையை ஒட்டி, பெயிண்ட் அடித்து, ஓரத்தில் டேப் சுற்றி கிட்டாரும் பேஸும் விற்றார்கள். காந்தத்தை வைக்க லிப்ஸ்டிக் குழாயைப் பயன்படுத்தினார்கள் என்றால் நம்புவீர்களா? ஆனால் அந்த ஒலிக்கென்றே ரசிகர்கள் உண்டு. பழைய டேன்எலக்ட்ரோக்களை இப்போதும் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஆகவே மலிவான பலகை என்றால் மட்டமான வாத்தியம் என்று நான் சொல்லவே மாட்டேன். அண்ணனின் கிட்டாரும் இன்றைக்கும் நன்றாகத்தான் பாடுகிறது.

ஆனாலும் உள்ளே என்ன என்று தெரிய வேண்டும். ஏனென்றால் ஒலி மட்டுமே வாத்தியம் இல்லை. நாலு கம்பியும் சேர்ந்து 70, 80 கிலோ பாரத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அதைப் பல வருஷம் தாங்க வேண்டும். பிளைவுட்டின் ஓரத்தில் போட்ட ஸ்க்ரூ சீக்கிரம் இளகும். சாதாரணப் பசையில் ஒட்டிய பிளைவுட் ஈரம் பட்டால் அடுக்குப் பிரியும். நம்ம மாவட்டத்திலோ வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம்! நன்றாக ஒட்டின மரத்துண்டுகளுக்கு அந்தப் பயம் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலே, ஒத்த மரத்தின் விலையைப் பிளைவுட்டுக்குக் கொடுத்தால் அது விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டினவனின் கூலி. பெயிண்ட் மறைத்தது மரத்தை மட்டும் இல்லை, அந்தக் கூலியையும்தான்.

அதனால் நான் கேட்பது மூன்றே விஷயம்.

ஒன்று, விற்கிறவர்கள் 'மூன்று துண்டு மரம்', 'பிளைவுட்' என்று சீட்டில் எழுதித் தர வேண்டும். மறைக்கிற மாதிரி அதிலே ஒன்றும் இல்லை.

இரண்டு, வாங்குகிறவர்கள் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். பின்பக்கத்து மூடியைத் திறந்து காட்டச் சொல்லலாம். கழுத்து பொருந்துகிற பள்ளத்தைப் பார்க்கலாம். அந்த இடங்களில் பெரும்பாலும் பெயிண்ட் மெல்லிசாகத்தான் இருக்கும். அடுக்கு அடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட். ரேகை ஓரிடத்தில் சட்டென்று மாறினால் ஒட்டு.

மூன்று, உள்ளதைச் சொல்லி விற்கிறவரிடம் நாம் 'ஒட்டா?' என்று முகம் சுளிக்கக்கூடாது. நாம் முகம் சுளிக்கிறதுனாலதான் அவர்கள் மறைக்கப் பழகுகிறார்கள். கதவு, மேசை, கட்டில் வாங்கும்போதும் இதே கதைதான். பளபளப்பை மட்டும் கேட்டால் பளபளப்பு மட்டும்தான் கிடைக்கும்.

'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்று சின்ன வகுப்பிலிருந்தே எழுதி எழுதிப் படிக்கிறோம். மின்னுவது பொன்னாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பித்தளை என்றால் பித்தளை என்று சொல்லி விற்கட்டும். பித்தளைக்கும் ஒரு விலை, ஒரு மரியாதை உண்டு.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி