கிருமி செத்தால் நோய் தீர்ந்துவிடுமா?

கிருமியைக் கொன்றால் நோய் தீரும் என்னும் பாடத்தை இன்னும் எத்தனை காலம் ஒப்பிக்கப் போகிறோம்? காசநோயால் வரும் மூளையுறை அழற்சியையே எடுத்துக்கொள்வோம். அங்கே மூளையைச் சிதைப்பதில் கிருமியை எதிர்க்கும் நம் உடலுக்கே பெரும்பங்கு உண்டு. மூளையின் அடிப்பகுதியில் திரளும் அழற்சிக் கசிவு, மூளைத்தண்டுவட நீரின் ஓட்டத்தை அடைக்கிறது. இரத்தக் குழாய்களை நெரித்துப் பக்கவாதத்தை விளைவிக்கிறது.

2004இல் வெளியான வியட்நாம் ஆய்வில் 545 நோயாளிகள் பங்கேற்றனர். காசநோய் மருந்துகளோடு டெக்சாமெத்தசோனும் பெற்றோரிடையே இறப்பு குறைந்தது. அம்மருந்து கிருமியைக் கொல்வதன்று, அழற்சியைத் தணிப்பது. ஆயினும் பிழைத்தோரிடையே கடும் இயலாமை குறையவில்லை.

உயிர் பிழைத்தல் வேறு, மூளை பிழைத்தல் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நாமோ நுண்ணுயிரியல், நோயெதிர்ப்பியல், நரம்பியல் எனத் துறைதோறும் கதவடைத்து அமர்ந்திருக்கிறோம். மருந்துக் காலம் முடிந்ததும் ‘சிகிச்சை நிறைவு’ என்றெழுதிக் கோப்பை மூடுகிறோம். அந்தக் குழந்தையால் மீண்டும் படிக்க முடிகிறதா, நடக்க முடிகிறதா என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? நினைவும் நடையும் கற்றலும் அளக்கப்படாத வரை, ‘குணமடைந்தார்’ என்னும் சொல்லை எழுத நமக்கு உரிமையில்லை.