இன்னொரு தகடு வேண்டாம், கம்பியைப் பாருங்கள்

விளாங்குடியில் திண்டுக்கல் சாலையோரம் மாலை வேளையில் நடக்கும் தள்ளுவண்டி இட்லிக் கடை ஒன்று எனக்குப் பழக்கம். பின்னாலுள்ள கட்டடத்தின் மொட்டை மாடியில் 100 வாட் சூரிய மின்தகடு ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறார் கடைக்காரர். அதிலிருந்து 15 மீட்டர் ஒயர் இறங்கி, புளியமர நிழலில் நிற்கும் வண்டியிலுள்ள பாட்டரிக்கு வருகிறது. இரண்டு விளக்குகளும் ஒரு விசிறியும் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் இரவு எட்டு மணிக்கெல்லாம் விளக்கு மங்கிவிடும்.

"இன்னொரு பேனல் வாங்கிப் போட்டா சரியாயிடும்னு கடையில சொல்றாக சார்" என்றார் ஒருநாள். "வேண்டாம் அண்ணே, முதலில் அந்த ஒயரைக் காட்டுங்கள்" என்றேன்.

மாணவ நண்பர்களே, அந்த ஒயரின் குறுக்குப் பரப்பு 0.75 சதுர மில்லிமீட்டர். வீட்டில் மேசை விளக்குக்குப் போடுகிறோமே, அதே வகை. மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் அல்லவா? ஆகவே 15 மீட்டர் தூரத்துக்கு 30 மீட்டர் செம்புக் கம்பி. ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள செம்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.0172 ஓம் தடை தரும். கணக்கிட்டுப் பாருங்கள்: மொத்தத் தடை ஏறத்தாழ 0.69 ஓம்.

இது ஒரு தடையா என்று தோன்றும். 100 வாட் தகடு முழு வெயிலில் சுமார் 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தர வல்லது. அவ்வளவும் இந்த ஒயரில் பாய்ந்தால் 3.8 வோல்ட் வழியிலேயே விழுந்துவிடும். மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கினால் கிட்டத்தட்ட 21 வாட். ஐந்தில் ஒரு பங்கு வெயில், கம்பியைச் சூடாக்கவே போகிறது!

மதுரையில் நிலைமை இன்னும் மோசம். தகட்டில் எழுதியுள்ள 18 வோல்ட், சிலிக்கான் செல்கள் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கிடக்கும் தகட்டின் செல்கள் 60, 65 டிகிரிக்குச் சூடேறும். டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் என்ற கணக்கில் அதன் மின்னழுத்தம் குறைந்து 15 வோல்ட்டை ஒட்டி வந்து நிற்கும். அதில் 3.8 வோல்ட்டை ஒயர் தின்றால் மிச்சம் எவ்வளவு? 12 வோல்ட் ஈய அமிலப் பாட்டரி முழுதாக நிரம்ப 14.4 வோல்ட் அளவுக்காவது வேண்டும். எனவே முழு மின்னோட்டம் பாயவே முடியாது. பாட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டம் மேலும் இளைக்கும். நிரம்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இரண்டாவது தகட்டை முதலாவதோடு பக்க இணைப்பில் சேர்த்தால்? அதே ஒயரில் இருமடங்கு மின்னோட்டத்தைத் தள்ளப் பார்க்கிறோம். மின்னோட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு. இரண்டாவது தகட்டின் பெரும்பகுதி வீண்தான். தகடு இப்போது மலிவு, செம்புதான் விலை என்று வாதிடுவோர் இந்த இருமடிக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். பள்ளியில் அதைத் தேர்வுக்கான கணக்காகவே நடத்திப் பழகிய எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு.

அந்த ஒயரையே 4 சதுர மில்லிமீட்டராக மாற்றினால் இழப்பு 21 வாட்டிலிருந்து 4 வாட்டுக்கு இறங்கும். தூரம் இரண்டு மீட்டர்தான் என்றால் தடித்த கம்பி தேவையில்லை. அங்கே செலவழிப்பது வீண். இரண்டு தகடுகள் வேண்டியே தீருமென்றால், தக்க கட்டுப்பாட்டுக் கருவி வைத்து அவற்றைத் தொடரிணைப்பில் சேர்க்கலாம். மின்னழுத்தம் இரட்டிக்கும், மின்னோட்டம் அதே 5.5 ஆம்பியர்தான். ஆனால் ஒரு தகட்டில் நிழல் விழுந்தால் மற்றதும் பாதிக்கப்படக்கூடும்.

மின்வாரியங்கள் செய்வதும் இதையேதான். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் வரும் நேர்மின் பாதை, 8 லட்சம் வோல்ட்டில் 6,000 மெகாவாட்டைச் சுமக்க வல்லது. அத்தனையையும் 12 வோல்ட்டில் அனுப்ப வேண்டுமானால் 50 கோடி ஆம்பியர் தேவைப்படும். அதைத் தாங்க எவ்வளவு பருமனான கம்பி வேண்டுமென்று நீங்களே போட்டுப் பாருங்கள்!

ஒயர் வாங்கும்போது மேலுறையின் பருமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். சதுர மில்லிமீட்டர் எவ்வளவு என்று உறைமேல் அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள். முனையைச் சீவி, ஓர் இழையைக் கத்தியால் சுரண்டியும் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஒயரை முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளும் நாளடைவில் தளர்ந்து சூடாகும். பாட்டரி முனையருகே ப்யூஸ் போட மறக்கவேண்டாம்.

இட்லிக் கடை அண்ணன் ஒயரை மாற்றிவிட்டார். விளக்கு இப்போது ஒன்பதரை வரை எரிகிறது. கடை நடப்பதோ பத்தரை வரை. மாதக் கணக்கில் அரைவயிறாகவே கிடந்ததால் பாட்டரியின் ஈயத் தட்டுகளில் சல்பேட் இறுகிப்போய்விட்டது. அதற்குக் கம்பியை மாற்றி என்ன பயன்? புதுப் பாட்டரிக்கு இப்போது பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.