வீட்டு சுகர் மெஷின்: எண் மாறுவது ஏன்?

திண்டிவனம், மரக்காணம் பக்கம் தர்பூசணி அறுவடை நேரம். பழம் அறுத்துச் சாப்பிட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சுகர் பார்த்தவருக்கு மெஷின் 300-க்கு மேல் காட்டினால், பயப்படுவதற்கு முன் பார்க்க வேண்டியது விரலைத்தான். எருக்குழி ஓரத்தில் மண் எடுத்து அனுப்பிவிட்டு ஆய்வுக்கூடத்தைக் குறை சொல்ல முடியுமா? மாதிரி சரியாக இருந்தால்தான் முடிவும் சரியாக இருக்கும். ரத்தத்துக்கும் அதே கணக்குதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழகத்தில் 20 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். குளுக்கோமீட்டர் இன்று கிராமத்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. அதோடு சந்தேகங்களும் வந்துவிட்டன.

கேள்வி: கை கழுவாவிட்டால் அவ்வளவு வித்தியாசம் வருமா?

வரும். மெஷின் எடுத்துக்கொள்வது ஒரு சிறு துளி ரத்தம்தான். விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறு அதில் கலந்தால் எண் எகிறிவிடும். ஜப்பான் மருத்துவர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாதவர்களைப் பழம் உரிக்கச் செய்து, அதே விரலில் சோதித்தார்கள். அளவு தாறுமாறாக ஏறியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் சரியாகவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகுதான் உண்மையான அளவு வந்தது. கரும்புச் சாறு, வெல்லப்பாகு தொட்ட கைக்கும் இது பொருந்தும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து, அளவு குறைவாகக் காட்டும்.

கேள்வி: ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால் 165, 182 என்று வருகிறது. எது சரி?

இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம். உலகத் தர விதியே இந்த மெஷின்களுக்குச் சற்று விலகல் அனுமதிக்கிறது. அளவு 100-க்குக் கீழே இருந்தால் 15 மில்லிகிராம் வரை, 100-ம் அதற்கு மேலும் இருந்தால் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம். உண்மை அளவு 200 என்றால் 170-ம் வரலாம், 230-ம் வரலாம். கரும்புத் தோட்டத்தில் கைக்கருவியால் பிரிக்ஸ் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. அடிக்கணுவுக்கு ஒன்று, நுனிக்கணுவுக்கு ஒன்று காட்டும். ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்காமல், பத்து நாள் எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: லேபில் ஒன்று, வீட்டில் ஒன்று வருகிறதே?

லேபில் நரம்பிலிருந்து ரத்தம் எடுக்கிறார்கள். வீட்டில் விரல் நுனியிலிருந்து. சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் வெறும் வயிற்றில், லேபில் ரத்தம் கொடுத்த சில நிமிடங்களுக்குள் வீட்டு மெஷினிலும் பார்க்கலாம். ரத்தசோகை உள்ளவர்களுக்கு மெஷின் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவைப்பது நல்லது. விடியற்காலையில் பால் கறந்ததும் சர்க்கரை போட்ட டீ குடித்துவிட்டால், அது வெறும் வயிற்றுக் கணக்கு ஆகாது. சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம் என்பதை முதல் கவளத்திலிருந்து எண்ண வேண்டும்.

கேள்வி: ஸ்ட்ரிப் அடிக்கடி 'எரர்' காட்டி வீணாகிறது. ஒன்று இருபது ரூபாய் ஆகிறதே?

விதையைப் போலத்தான் ஸ்ட்ரிப்பும். சூடும் ஈரமும் அதைக் கெடுத்துவிடும். பல டப்பாக்களில் 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்கக் கூடாது என்று போட்டிருக்கும். விழுப்புரத்துக் கத்தரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலோ, பைக் பெட்டியிலோ வைத்தால் என்ன ஆகும்? வீட்டில் குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடியை இறுக்கிவிட வேண்டும். டப்பாவைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதிவைத்து, அதில் குறிப்பிட்ட மாதங்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலில் நடுப்பகுதியைக் குத்தினால் வலிதான் மிச்சம். ஓரத்தில் குத்தலாம். வெதுவெதுப்பான நீரில் கழுவி, கையைத் தொங்கவிட்டால் ரத்தம் இறங்கும். அழுத்திப் பிழியக் கூடாது. ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது. பயன்படுத்திய ஊசிகளை மூடியுள்ள கெட்டி டப்பாவில் போட்டுவைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு ஒப்படைக்கலாம். வயலிலோ குப்பைமேட்டிலோ எறிந்தால் களை எடுப்பவர் காலில்தான் ஏறும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரை மட்டும் போடுபவருக்கும் இன்சுலின் போடுபவருக்கும் கணக்கு வேறு. செலவைக் குறைக்க, அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உள்ள இலவசப் பரிசோதனையைப் பயன்படுத்தலாம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மூன்று மாத சராசரியைச் சொல்லும் 'ஹெச்பிஏ1சி' பரிசோதனை பற்றியும் மருத்துவரிடம் கேட்கலாம்.

கேள்வி: எண் அதிகமாக வந்தால் மாத்திரையைக் கூட்டிக்கொள்ளலாமா?

கூடாது. பழச்சாறு ஒட்டிய விரல் காட்டிய 300-ஐ நம்பி மருந்தைக் கூட்டினால், உண்மையான அளவு பாதாளத்துக்குப் போய்விடும். 70-க்குக் கீழே போவது ஆபத்து. வேர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் ஆகியவை இதன் அறிகுறிகள். வயலில் இதை வெயில் மயக்கம் என்று நினைத்து நிழலில் படுக்கவைத்துவிடுகிறார்கள். மருந்து தெளிப்பவருக்கு இதே வேர்வையும் நடுக்கமும் பூச்சிமருந்து விஷத்தாலும் வரலாம். ஆகவே சர்க்கரை நோய் உள்ளவர் தனியாக மருந்து தெளிக்கப் போகக் கூடாது. வேலைக்குப் போகும்போது சர்க்கரைப் பொட்டலம் கையில் இருக்க வேண்டும். அறிகுறி தெரிந்தால் வேலையை நிறுத்தி, கை கழுவி, மூன்று தேக்கரண்டி சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தெளித்த மருந்தின் டப்பாவையும் கூடவே கொண்டுபோக வேண்டும்.

உரக் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, நேரம், சாப்பாடு, செய்த வேலை, சுகர் அளவு ஆகிய ஐந்தையும் எழுதி வரலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மெஷினோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும்.