உறக்கம் என்னும் தெய்வம்

உறக்கத்தைச் சோம்பலின் மறுபெயராகவே நம்மில் பலர் கருதுகின்றனர். தேர்வு நெருங்கிவிட்டால் போதும், விடுதி மாணவனுக்கு உறக்கம் பகைவனாகிவிடும். தேநீர் அருந்தி அதனை விரட்டுகிறான். விரட்டிய இரவுகளை எண்ணிப் பெருமையும் பேசுகிறான். பண்டைய கிரேக்கரோ உறக்கத்தைத் தெய்வமாகவே கொண்டாடினர். அத்தெய்வத்தின் பெயர் ஹிப்னாஸ். இவ்வகையில் அவர்கள் நம்மினும் தெளிவுடையோர் என்பதே என் கருத்து.

ஹிப்னாஸின் பிறப்பைப் பாடியவர் ஹெசியாட் என்னும் புலவர். இரவு என்னும் அன்னைக்கு மக்கள் பலர். அவருள் இருவர் உறக்கமும் சாவும். கதிரவன் எட்டிப் பாராத பாதாளமே இருவர்க்கும் இல்லம். ஆயினும் குணத்தில்தான் எத்துணை வேறுபாடு! சாவுக்கு இரும்பு நெஞ்சம், பற்றியவனை விடாது. உறக்கமோ நிலத்திலும் கடலிலும் அமைதியாய் உலவி, மாந்தரிடம் கனிவு காட்டுவது.

ஹோமரின் இலியட் காப்பியம், 14ஆம் காண்டம். டிராய் போரில் கிரேக்கருக்குத் தேவர்கள் துணை நிற்கலாகாது என்று தடை விதித்திருந்தான் தேவர்கோன் சியூஸ். அவனை உறங்கவைக்க வேண்டி அவன் மனைவி ஹீரா, லெம்னாஸ் தீவில் ஹிப்னாஸைக் கண்டு பொன் இருக்கை தருவதாகச் சொன்னாள். ஹிப்னாஸ் மறுத்துவிட்டான். முன்னொரு முறை இவள் பேச்சைக் கேட்டுச் சியூஸைத் துயிலச் செய்து, விழித்தெழுந்தவன் தன்னைக் கடலில் வீசத் தேடியபோது அன்னையிடம் ஓடித் தஞ்சம் புகுந்தவன் அவன். இரவன்னையின் மனம் நோகச் சியூஸும் அஞ்சினானாம்! அச்சம் அவ்வளவு இருந்தும் என்ன? பாசிதியா என்னும் அழகியை மணமுடித்துத் தருவதாக ஹீரா கூறியதும் மசிந்துவிட்டான். சத்தியம் செய்யச் சொல்லி வாங்கிக்கொண்டுதான் புறப்பட்டான். அந்த மட்டில் விவரமானவன்! ஐடா மலையில் நெடுமரமொன்றில் பறவை போல் ஒளிந்திருந்தான். இடியேந்திய சியூஸ் உறங்கிப்போனான். போரின் போக்கே திரும்பிற்று.

நகைப்புக்குரிய கதைதான். எனினும் வாளும் வேலும் அணுக முடியாத அரசனை இமைகளின் வழியே வென்றவன் இவன் ஒருவனே அல்லவா?

அதே காப்பியத்தில் இன்னொரு காட்சி. சியூஸின் மகன் சார்ப்பிடன் களத்தில் மடிகிறான். அவன் உடலைத் தாயகமான லிசியாவுக்கு ஏந்திச் செல்வோர் உறக்கமும் சாவுமாகிய இரட்டையர். சாவு தனித்து வந்திருந்தால் நமக்கு அச்சமே மிஞ்சும். உறக்கமும் கைகொடுப்பதால் தந்தையின் துயரம் சற்றே ஆறுகிறது. ஏறத்தாழ கி.மு. 515இல் யூஃப்ரோனியஸ் என்னும் ஓவியர் இக்காட்சியை மட்கலத்தில் தீட்டினார். அக்கலத்தை 1972இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. இத்தாலியக் கல்லறையிலிருந்து கொள்ளை போனது என்ற வழக்கு எழவே, 2008இல் அது இத்தாலிக்கே திரும்பிற்று.

இவை கவிஞர் கற்பனை எனத் தள்ளுவோர், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பாசேனியஸ் எழுதிய பயணநூலைப் பார்க்கட்டும். டிராய்சன் என்ற ஊரில் கலைத்தேவியர்க்கு ஒரு மண்டபம் இருந்தது. பழைய மன்னன் பித்தியஸ் சொற்கலை கற்பித்த இடம் அது என்பது ஊரார் வழக்கு; நம் மொழியில் சொன்னால் ஒரு கல்லூரி! அதனருகே ஒரு பழம்பெரும் பலிபீடம். அதில் கலைத்தேவியரோடு சேர்த்து ஹிப்னாஸுக்கும் பலியிட்டனர். அத்தேவியர்க்கு மிக உகந்த தெய்வம் உறக்கமே என்பது அவர்கள் நம்பிக்கை. பகலில் கற்றதை மூளை நினைவில் பதித்துக்கொள்ள உறக்கம் துணைபுரிகிறது என்று இன்றைய அறிவியலாரும் கூறுகின்றனர்.